சோளத்தைக் கொண்டு சென்றார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள்

விடுமுறைக்கு வந்திருந்த பேரன் அண்மையில் ஒரு விருப்பத்தைத் தெரிவித்தான். தான் வாழும் நாட்டில் கடைகளில் உண்ணும் 'கெசடியா'வை வீட்டிலேயே செய்து தரவேண்டும் என்பதே அது. நீண்டகாலம் பேனா பிடித்த கை அன்று அகப்பை பிடித்தது.

செய்முறை எளிது. மாட்டிறைச்சியை நாருக்குக் குறுக்காக மெல்லியதாக அரிந்து, உப்பும் மிளகுத் தூளும் இட்டு, நன்கு சூடேறிய சட்டியில் விரைவாக வாட்டி எடுக்கவேண்டும். 'டோர்ட்டியா' எனும் மெல்லிய ரொட்டியின் ஒரு பாதியில் அதனையும் துருவிய சீஸையும் பரப்பி, மறுபாதியால் மூடி, மிதமான நெருப்பில் இருபுறமும் சுடவேண்டும். சீஸ் உருகி எல்லாவற்றையும் ஒன்றாகப் பிணைத்துவிடும்.

பேரன் உண்டு முடித்தான். எனக்கோ, இது எங்கிருந்து வந்தது என்ற பழைய தொழிற்கேள்வி எழுந்தது.

'கேசோ' என்றால் ஸ்பானிய மொழியில் சீஸ். உணவின் பெயர் அதிலிருந்தே பிறந்தது. ஆனால் 1519இல் ஹெர்னான் கோர்ட்டேஸின் படை மெக்சிக்கோவில் இறங்கும்வரை அங்கு மாடும் இல்லை, சீஸும் இல்லை, கோதுமையும் இல்லை. 1521இல் அஸ்தெக் தலைநகர் வீழ்ந்தபின் இவையெல்லாம் வந்து சேர்ந்தன. வறண்ட வடபகுதியான சொனோராவில் கோதுமையும் கால்நடையும் செழித்தன. கோதுமை ரொட்டியும் மாட்டிறைச்சியும் சேர்ந்த உணவுகள் அந்த வடபுலத்து மரபைச் சேர்ந்தவை. தலைநகரிலோ இன்றும் சோள ரொட்டியில் பூசணிப் பூவை வைத்துக் கெசடியா செய்கிறார்கள். "சீஸ் வேண்டுமா, வேண்டாமா?" என்று விற்பவர் கேட்பதும் அங்கு வழக்கம்.

அந்தச் சோள ரொட்டிக்குள்தான் இந்த வரலாற்றின் கசப்பான பக்கம் இருக்கிறது.

அந்த மண்ணின் பெண்கள் சோளத்தை அப்படியே அரைப்பதில்லை. சுண்ணாம்பு கலந்த நீரில் அவித்து, இரவு முழுவதும் ஊறவிட்டு, கழுவிய பின்னரே கல்லில் அரைப்பார்கள். மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வழக்கம் இது. ஸ்பானியர் சோளத்தை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றார்கள். இந்த வழக்கத்தைக் கொண்டு செல்லவில்லை. கோதுமையைப் போலவே அதனையும் மாவாக்கி உண்டார்கள்.

விலை கொடுத்தவர்கள் ஏழைகள். சோளத்தையே நம்பி வாழ்ந்தவர்களின் தோல் வெடித்தது, வயிறு கெட்டது, மனம் பேதலித்தது, பலர் மாண்டனர். 1735இல் ஸ்பெயினின் வடபகுதியில் காஸ்பர் கசால் என்ற மருத்துவர் இந்நோயைக் கண்டு விவரித்தார். இத்தாலியில் இதற்குப் 'பெலாக்ரா' என்று பெயரிட்டார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் பல்லாயிரக்கணக்கானோரை இது பலிகொண்டது. கிருமியே காரணம் எனப் பலர் நம்பிய வேளையில், உணவுக் குறைபாடே காரணம் என ஜோசப் கோல்ட்பெர்கர் ஆய்வுகளால் நிறுவினார். குறைந்திருந்த சத்து நியாசின் என்பது 1937இல் தெளிவாயிற்று.

சோளத்தில் நியாசின் இருக்கிறது. ஆனால் உடல் எடுத்துக்கொள்ள முடியாதபடி கட்டுண்டு கிடக்கிறது. அதனை விடுவிப்பது சுண்ணாம்பு நீர். விஞ்ஞானம் இரு நூற்றாண்டுகள் தேடிய விடை, அம்மிக்கு முன் அமர்ந்திருந்த அந்தப் பெண்களின் பானைக்குள்ளேயே இருந்தது. வென்றவர்கள் அவர்களிடம் அதனைக் கேட்டு அறிந்துகொள்ளவில்லை.

நாமும் சற்று நின்று யோசிக்கலாம். எமது கறிகளுக்கு உறைப்புத் தரும் மிளகாயும் அதே அமெரிக்க மண்ணில் தோன்றி, போர்த்துக்கேயர் வழியாக எம்மிடம் வந்ததே. எமது பாட்டிமார் ஊறவைத்ததற்கும் புளிக்கவைத்ததற்கும் காரணம் கேட்டு எழுதி வைத்தவர்கள் எத்தனை பேர்?

இதையெல்லாம் பேரனுக்குச் சொன்னேன். அடுத்தமுறை சோள ரொட்டியிலேயே செய்வோம் என்றான். சுண்ணாம்பு நீரில் அவித்து அரைத்த மா எங்கு கிடைக்கும் என்று இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.