அண்ணனுக்கு ஒரு வெள்ளிக் குழாய்

1752-ம் வருஷம், டிசம்பர் மாதம். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் வெள்ளி வேலை செய்கிற ஒருவரின் பட்டறை. அங்கே ஓர் ஆசாமி வந்து உட்கார்ந்தவர், எழுந்திருக்கிற வழியாக இல்லை. வயசு நாற்பத்தாறு. இப்படி வளை, அப்படிச் சுற்று என்று சொல்லிச் சொல்லி, வேலை முடிகிற வரை கூடவே இருந்து வாங்கிக்கொண்டுதான் கிளம்பினார். அவசரத்துக்குக் காரணம், அன்றைய தபாலைப் பிடித்தாக வேண்டும்.

அவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். நூறு டாலர் நோட்டில் இருந்து நம்மைப் பார்ப்பாரே, அவரேதான்! அந்த வருஷம்தான் இடி மின்னலில் பட்டம் விட்டு மின்சாரத்தைச் சோதித்தார் என்று சொல்வார்கள். அப்பேர்ப்பட்ட மனிதர் காத்திருந்து வாங்கிய பொருள் என்ன? நகையா, தட்டா? இல்லை. சிறுநீர் வடிக்கிற குழாய்!

பாஸ்டன் நகரில் அவருடைய அண்ணன் ஜான் இருந்தார். சோப்பும் மெழுகுவத்தியும் செய்து பிழைத்தவர். சிறுநீர்ப் பையில் கல். ஒண்ணுக்கு வராமல் அடைத்துக்கொண்டால் குழாய் விட்டுத்தான் எடுக்க வேண்டும். அந்தக் காலத்துக் குழாய் எப்படி இருக்கும் தெரியுமா? விறைத்த உலோகம். வளையாது, நெளியாது. உள்ளே போகிற பாதையோ வளைவானது. நினைத்துப் பாருங்கள்... வேண்டாம், நினைக்க வேண்டாம்!

தம்பி அனுப்பியது வளைந்து கொடுக்கிற வெள்ளிக் குழாய். கூடவே ஒரு கடிதம். உள்ளே விடும்போது விறைப்பு வேண்டுமானால் எப்படிக் கம்பியைச் செருகுவது, நீளம் அதிகமானால் எப்படி வெட்டிக்கொள்வது என்று எல்லாம் எழுதியிருந்தார். எந்தப் புதுக் கருவியும் பழகினால்தான் கைக்கு வரும், பயன்படுத்துகிறவருக்குத்தான் அதில் என்ன திருத்தலாம் என்று தோன்றும் என்பது கடிதத்தின் சாரம்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது வெள்ளியும் இல்லை, விஞ்ஞானமும் இல்லை. ஒரு தம்பி தன் அண்ணனிடம், ‘உனக்கு எங்கே வலிக்கிறது, எப்படிக் குறைக்கலாம்?’ என்று கூச்சமில்லாமல் பேசியிருக்கிறார், பாருங்கள். அதுதான் பெரிய விஷயம். ஏன் பெரிய விஷயம் என்று தெரிய வேண்டுமானால், பாஸ்டனை விட்டு நம்ம ஊருக்கு வரவேண்டும்.

தூத்துக்குடி மாவட்டம், ஒட்டப்பிடாரம் பக்கத்தில் புதியம்புத்தூர். நீங்கள் போயிருக்க மாட்டீர்கள். ஆனால், அந்த ஊரில் தைத்த கவுன் உங்கள் வீட்டுக் குழந்தை போட்டிருக்கலாம். ரெடிமேட் துணிக்குப் பேர்போன ஊர். சுற்றிலும் மழையை நம்பிய கரிசல் காடு. ஊருக்குள்ளே தையல் மெஷின் சத்தம். அங்கே வயசான தையல்காரர் ஒருவர் இருக்கிறார் என்று சும்மா ஒரு கற்பனைக்கு வைத்துக்கொள்வோம். புராஸ்டேட் சுரப்பி வீங்கி, ஒண்ணுக்கு அடைத்துக்கொள்கிறது. ஆஸ்பத்திரியில் ட்யூப் போட்டு, பையை மாட்டி, ‘வீட்டுக்குப் போங்க, அப்புறம் பார்க்கலாம்’ என்று அனுப்பிவிடுகிறார்கள்.

வீட்டில் பையைக் காலி செய்வது யார்? மருமகள். பெரியவருக்கு உடம்பே கூசுகிறது. வாயைத் திறந்து சொல்ல முடியுமா? முடியாது. அதனால் அவராக ஒரு வழி கண்டுபிடிக்கிறார். தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறார்! ‘குடிச்சாத்தானே ரொம்பும்? ரொம்பினாத்தானே அந்தப் புள்ளைக்கு வேல?’ கணக்கு சரிதான். ஆனால், உடம்பின் கணக்கு வேறு. தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்த்தியாகும். கசடு சேர்ந்து ட்யூப் அடைக்கும். மலச்சிக்கல் வரும், அதுவும் உள்ளே இருந்து சிறுநீர்ப் பையை அழுத்தும். முட்டும், எரியும், பக்கவாட்டில் கசியும். மருமகளுக்கு வேலை குறைவதற்குப் பதிலாக வேட்டியும் பெட்ஷீட்டும் துவைக்கிற வேலை சேரும். வெட்கத்தில் ஆரம்பித்தது வலியில் வந்து நிற்கும்.

இந்தச் சங்கடம் அந்தப் பெரியவரோடு ஆரம்பித்ததா என்ன? கி.பி. 79-ல் எரிமலை வெடித்து இத்தாலியின் பாம்பேய் நகரம் சாம்பலில் மூடிப்போனது அல்லவா? பின்னால் தோண்டியபோது கிடைத்த வைத்தியக் கருவிகளில் வெண்கலக் குழாயும் இருந்தது. ஆங்கில ‘எஸ்’ எழுத்து மாதிரி வளைந்த குழாய். நம் நாட்டு சுஸ்ருத சம்ஹிதையிலும் குழாய் உண்டு, வலிக்காமல் போக அதில் நெய் தடவுவதும் உண்டு. ‘கதீட்டர்’ என்ற சொல்லே கிரேக்க மொழியிலிருந்து வந்தது. ‘கீழே இறக்குவது’ என்று அர்த்தம். ஆக, மனிதனுக்கு இந்தக் கஷ்டம் பல ஆயிரம் வருஷப் பழசு.

நிம்மதி வந்தது ரப்பரால். சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துப் பதப்படுத்தும் முறைக்கு 1844-ல் காப்புரிமை வாங்கினார். வெயிலில் உருகாத, குளிரில் விறைக்காத ரப்பர். அதன் பிறகு பிரான்ஸின் அறுவை மருத்துவர் நெலாட்டன் பெயரில் மெல்லிய ரப்பர் குழாய் வந்தது. அதே பாரிஸ் நகரில் ஷாரியேர் என்று மருத்துவக் கருவிகள் செய்கிற ஒருவர். குழாய்களுக்கு நம்பர் போட்டவர் அவர்தான். உங்கள் வீட்டு ட்யூப் கவரைப் பாருங்கள், 14, 16, 18 என்று ஏதாவது இருக்கும். அதை மூன்றால் வகுத்தால் குழாயின் விட்டம் மில்லிமீட்டரில் கிடைக்கும். 18 என்றால் 6 மில்லிமீட்டர்.

நம் தையல்காரருக்கு இது சட்டென்று புரியும். அளவு தப்பினால் சட்டை எங்கேயோ பிடிக்கும். ட்யூபும் அப்படித்தான். பக்கத்தில் கசிகிறது என்றால், ‘இன்னும் பெரிய நம்பர் போடுங்க டாக்டர்’ என்று கேட்கத் தோன்றும். அது எப்போதும் சரியான வழி இல்லை. தடிமன் கூடினால் உறுத்தலும் கூடலாம். வேலைக்குப் போதுமான சின்ன அளவே நல்லது என்பதுதான் பொது விதி.

சரி, உள்ளே போன குழாய் வெளியே வராமல் எப்படி நிற்கிறது? ஒரு காலத்தில் நாடாவால் கட்டினார்கள், பிளாஸ்திரி ஒட்டினார்கள். 1930-களில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஃபிரெடெரிக் ஃபோலி என்ற டாக்டர் குழாயின் நுனியில் ஒரு குட்டி பலூனைச் சேர்த்தார். முதலில் அவர் நினைத்தது வேறு. ஆபரேஷனுக்குப் பிறகு வரும் ரத்தப்போக்கை அந்த பலூனால் அழுத்தி நிறுத்த வேண்டும் என்பதுதான் யோசனை. பலூன் குழாயைப் பிடித்து நிறுத்தவும் செய்தது!

இங்கே ஒரு வியாபாரக் கதை. காமர்ஸ் படித்தவனால் இதைத் தாண்டிப் போக முடியாது. டேவால் ரப்பர் கம்பெனியைச் சேர்ந்த பால் ரெய்ஷ் என்பவரும் இதே மாதிரி குழாய்க்கு உரிமை கோரினார். வழக்கு நடந்தது. காப்புரிமை ரெய்ஷுக்குப் போனது. பெயர் மட்டும் ஃபோலிக்கு! இன்றைக்கும் உலகம் முழுக்க ‘ஃபோலி கதீட்டர்’தான். ரெய்ஷ் யார் என்று எந்த நர்ஸுக்கும் தெரியாது.

அந்த பலூனில் சாதாரணமாக 10 மில்லி அளவுக்குத் தண்ணீர் இருக்கும். பெரியவர் கேட்கத் தயங்குகிற கேள்விக்குப் பதில் இதில்தான் இருக்கிறது. ‘ட்யூப்தான் எல்லாத்தையும் வடிக்குதே, பிறகு ஏன் முட்டிக்கிட்டே இருக்கு?’ சிறுநீர்ப் பையின் வாயில் அந்த பலூன் உட்கார்ந்திருக்கிறது. யாரோ வந்திருக்கிறார்கள், வெளியே தள்ளு என்று தசை சுருங்குகிறது. அதுதான் முட்டல், அதுதான் கசிவு. முக்கித் தள்ளப் பார்க்கக் கூடாது. பலருக்கும் சில நாட்களில் குறைந்துவிடும். குறையாவிட்டால் டாக்டரிடம் அதற்கு மருந்து இருக்கிறது. ட்யூப் இழுபடாமல் தொடையில் தளர்வாக ஒட்டி வைத்தாலே பாதி உறுத்தல் போய்விடும். தூக்கத்தில் பிடுங்குவது, ஆத்திரத்தில் இழுப்பது மட்டும் ஆகவே ஆகாது. பலூனில் இருக்கிற தண்ணீரை ஊசிக்குழலால் எடுத்த பிறகுதான் ட்யூப் வெளியே வரவேண்டும். அது தெரிந்தவர் செய்கிற வேலை.

அடுத்தது பை. ஆரம்பத்தில் பையெல்லாம் கிடையாது. குழாயின் மறு நுனி கட்டிலுக்குக் கீழே திறந்த பாட்டிலில் கிடக்கும். கிருமிகளுக்கு ராஜபாட்டை! அப்படித் திறந்து வைத்தால் நாலு நாளில் ஏறக்குறைய எல்லோருக்கும் சிறுநீரில் கிருமி வந்துவிடும். மூடிய பையில் வடித்தால் அது வெகுவாகத் தள்ளிப்போகிறது என்று 1966-ல் கால்வின் குனின், மெக்கார்மக் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். நர்ஸம்மா ஏன் அத்தனை கண்டிப்பாகச் சொல்கிறார் என்று இப்போது விளங்குகிறதா? ட்யூபையும் பையையும் அடிக்கடி கழற்றாதே, பை எப்போதும் இடுப்புக்குக் கீழே இருக்கட்டும், ஆனால் தரையில் படக் கூடாது, ரொம்பி வழிகிற வரை விடாதே, தொடும் முன்னும் பின்னும் சோப்பு போட்டுக் கை கழுவு... எல்லாம் அனுபவத்தில் வந்த பாடம். ட்யூப் வெளியே வருகிற இடத்தைச் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவினால் போதும். டெட்டால், பவுடர் எல்லாம் எரிச்சலைத்தான் கூட்டும்.

ட்யூபே இல்லாமல் இருக்க வழி உண்டா? சிலருக்கு உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டாக்டர் ஜாக் லாபிடெஸ் 1972-ல் ஒரு கட்டுரை எழுதினார். நோயாளியே சுத்தமான கையால், சில மணி நேரத்துக்கு ஒரு தடவை மெல்லிய குழாயை விட்டு வடித்துவிட்டு, உடனே எடுத்துவிடலாம் என்றார். ஆபரேஷன் தியேட்டர் சுத்தம் இல்லாமலா என்று டாக்டர்கள் அதிர்ந்தார்கள். லாபிடெஸ் சொன்ன காரணம் எளிமையானது. சிறுநீர்ப் பை ரொம்பி விரிந்து கிடந்தால் அதன் சுவருக்கு ரத்த ஓட்டம் குறையும், கிருமி ஜெயிக்கும். நேரத்துக்குக் காலி செய்தால் உடம்பே பார்த்துக்கொள்ளும். முதுகுத்தண்டு அடிபட்ட எத்தனையோ பேரின் வாழ்க்கையை இது மாற்றியது. நோயாளியின் கையில் குழாயைக் கொடுத்து, ‘நீயே செய்’ என்றதும் ஃபிராங்க்ளின் அண்ணனுக்கு எழுதியதும் ஏறக்குறைய ஒரே சங்கதி, இல்லையா?

தமிழ்நாட்டிலும் இதற்கு ஒரு பரம்பரை இருக்கிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வை இழந்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே ஆபரேஷன் செய்தார். நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்தார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு மையம் பிறந்தது. தென்காசி பக்கம் ஆய்க்குடியில், முதுகுத்தண்டு அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ்.ராமகிருஷ்ணன் 1981-ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். இருவருமே அடிபட்டவர்கள். ஆனாலும் மூலையில் முடங்கிவிடாமல், மற்றவர்களுக்கு வழி செய்தார்கள்.

வீட்டில் படுத்திருப்பவருக்கு? 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி வரும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் சேர்க்கப்பட்டது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு தடவை விசாரித்து வையுங்கள். ட்யூப் மாற்றுவதற்கு ஒவ்வொரு தடவையும் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டுமா என்று கேளுங்கள். ரகத்தைப் பொறுத்துச் சில வாரம் முதல் மூன்று மாதம் வரை ஒரு ட்யூப் இருக்கலாம். எந்தத் தேதியில் மாற்ற வேண்டும் என்பதைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

சில நேரம் காத்திருக்கக் கூடாது. பையில் சில மணி நேரமாக ஒன்றுமே இறங்கவில்லை, அடிவயிறு உப்பி வலிக்கிறது, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், கட்டி கட்டியாக ரத்தம், பேச்சில் திடீர்க் குழப்பம்... இதில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

மற்ற நாட்களில் வீட்டில் இருக்கிறவர்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. பையைப் பார்க்காத மாதிரி நடிக்காதீர்கள். ‘உறுத்துதா மாமா? எந்தப் பக்கம் இழுக்குது? தண்ணி குடிச்சீங்களா?’ என்று மருமகளோ மகனோ பேரனோ வாய்விட்டுக் கேட்கட்டும். இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ வைத்தியம் பார்ப்பவர் என்றால் எத்தனை தம்ளர் என்பதை டாக்டர் சொல்லட்டும். மற்றவர்களுக்கு, சொம்பு நிறையத் தண்ணீர் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கட்டும்.

புதியம்புத்தூர் தையல்காரர் இன்னொன்றும் செய்யலாம். பக்கத்தில்தான் மெஷின் இருக்கிறதே! வெட்டுத் துணியில் பைக்கு ஓர் உறை தைத்துப் போட்டுக்கொண்டு, பேரன் கையைப் பிடித்துத் தெருமுனை டீக்கடை வரை ஒரு நடை போய்விட்டு வரட்டும்.