கான்சஸ் சமவெளியும் ஸ்கங்க் கடியும்

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், அமெரிக்காவின் கான்சஸ் சமவெளியில் மாடோட்டிகளும் வேட்டைக்காரர்களும் கோட்டைப் படைவீரர்களும் வெட்டவெளியில் தரையிலேயே படுத்துறங்கிய காலத்தில், ஸ்கங்க் என்னும் சிறு விலங்கு இரவில் வந்து அவர்களது மூக்கையோ விரலையோ கடித்துச் செல்வதுண்டு. காயம் ஆறி, கடிபட்டதே மறந்துபோன சில வாரங்களில், அவர்களுள் சிலர் தண்ணீரை விழுங்க முற்பட்டாலே தொண்டைத் தசைகள் இறுகித் துடிக்கும் நீர்வெறுப்பு என்னும் நிலைக்கு ஆளாகி இறந்தனர்.

பூனையளவே உள்ள, கறுப்பும் வெள்ளையுமான இவ்விலங்கு இயல்பில் சண்டைக்கு விரைவதன்று. வாலடியிலுள்ள இரு சுரப்பிகளிலிருந்து சகிக்கவொண்ணாத நாற்றநீரைப் பீய்ச்சுவதே அதன் தற்காப்பு. அந்நீர் தீர்ந்துவிட்டால் மீண்டும் ஊறப் பல நாள்கள் ஆகும் என்பதால், செலவிடுமுன் அது பலமுறை எச்சரிக்கும். கோடிட்ட ஸ்கங்க் முன்கால்களால் தரையைத் தட்டி வாலை நிமிர்த்தும். புள்ளி ஸ்கங்க்கோ முன்கால்களை ஊன்றி, உடலைத் தலைகீழாகத் தூக்கி நிற்கும். காண்பவருக்குப் பித்தேறிய ஆட்டமாகத் தோன்றக்கூடிய இது, விலகிப் போகச் சொல்லும் நிதானமான அறிவிப்பே. அஞ்ச வேண்டியது, அறிவிப்பு ஏதுமின்றி மனிதரை நெருங்கி வரும் ஸ்கங்க்கைத்தான்.

பிற்காலத்தில் குகை ஆய்வுகளால் பெயர்பெற்ற ஹொரேஸ் ஹோவி என்ற மதகுரு, 1874இல் ஓர் அறிவியல் இதழில் ஸ்கங்க் கடியால் நேர்ந்த இச்சாவுகளைத் தொகுத்தெழுதி, இந்நோய் வெறிநாய்க்கடியால் வரும் வெறிநோயினின்று (ரேபிஸ்) வேறானது, ஸ்கங்க்குக்கே உரியது என வாதிட்டு, ‘ரேபிஸ் மெஃபிட்டிகா’ என்று தனிப்பெயரும் சூட்டினார். கடிக்கும் ஸ்கங்க்குகள் நாற்றநீரைப் பீய்ச்சுவதில்லை என்பதையும் அவர் குறித்திருந்தார். கவனிப்பு கூர்மையானது, விளக்கம்தான் தவறியது. வாலடிச் சுரப்பிகள் செயலற்றுப்போவதால் வாயில் நஞ்சு உருவாகலாம் என்பது அவர் ஊகம். மூளையைத் தாக்கும் நோய், எச்சரித்து விலகும் இயல்பையே குலைத்துவிடுகிறது என்பதே இன்று கொள்ளத்தக்க விளக்கம்.

மறு ஆண்டே, கான்சஸின் ஹேய்ஸ் கோட்டைப் படை மருத்துவர் ஜான் ஜேன்வே, தாம் கண்ட நோயாளிகளைக் கொண்டு ஹோவியை மறுத்து, இது வழக்கமான வெறிநோயே என்றார். லூயி பாஸ்டரின் வெறிநோய்த் தடுப்பூசி வர இன்னும் 10 ஆண்டுகள் இருந்த நிலையில், நோயைப் பிரித்தறிய மருத்துவரின் கண்ணன்றி வேறு கருவி இல்லை. எனினும் ஜேன்வே சொன்னதே நிலைத்தது. மக்கள் வழக்கில் மட்டும் புள்ளி ஸ்கங்க் ‘ஹைட்ரோஃபோபியா கேட்’, அதாவது நீர்வெறுப்புப் பூனை, என்ற பெயரோடு தொடர்ந்தது. ஆனால் வெறிநோய் வைரஸைத் தன் இனத்துக்குள் தாங்கிப் பரப்பி வருவது பெரும்பாலும் கோடிட்ட ஸ்கங்க்தான்.