காற்றா, தண்ணீரா?

காப்பி ஆற்றுவதில் எங்கள் வீட்டில் இரண்டு கட்சிகள் இருந்தன. பெரியப்பா டபராவுக்கும் டம்ளருக்கும் நடுவே முழ நீளத்துக்குக் காப்பியை இழுத்து ஆற்றுவார். ஒரு சொட்டு வேட்டியில் விழாது. பெரியம்மாவுக்கு இந்த வித்தையில் நம்பிக்கை இல்லை. டம்ளரை ஒரு தட்டுத் தண்ணீரில் வைத்துவிட்டு அடுத்த காரியத்தைப் பார்க்கப் போய்விடுவாள். திரும்பி வரும்போது காப்பி பதமாக இருக்கும். ஒன்று காற்றின் உபயம். மற்றது தண்ணீரின் உபயம். இண்டர்மீடியட் வகுப்பில் உஷ்ணத்தைப் பற்றி எனக்குச் சொல்லிக் கொடுத்ததில் இன்று மனத்தில் தங்கியிருப்பது அநேகமாக இவ்வளவுதான்.

இதே வழக்கு இத்தாலியில், பந்தய மோட்டார் சைக்கிள் செய்கிறவர்களிடையே, ஒரு தலைமுறைக்கு மேல் நடந்திருக்கிறது. அங்கே அது டம்ளர் விவகாரமாக இருக்கவில்லை. தொழிற்சாலைகளின் தலையெழுத்தும் ஒரு மேதையின் ஆயுட்கால உழைப்பும் அதில் பணயமாக இருந்தன.

விஷயம் சுலபமானதுதான். எஞ்சினுக்குள் பெட்ரோல் எரிந்து உண்டாகும் சூட்டில் மூன்றில் ஒரு பங்குகூடச் சக்கரத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. மீதியெல்லாம் புகையோடு போகிறது, அல்லது உலோகத்தில் ஏறுகிறது. ஏறிய சூட்டை இறக்காவிட்டால் எண்ணெய் தீய்ந்து, பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு, வண்டி நடுரோட்டில் நின்றுவிடும். மெக்கானிக்குகள் 'சீஸ் ஆகிவிட்டது' என்பார்கள். சிலிண்டரைச் சுற்றி மீன் செதில் மாதிரி தகடு தகடாக வார்த்துவிட்டு, எதிர்க்காற்றே சூட்டைக் கொண்டு போகட்டும் என்று விடுவது ஒரு வழி. சிலிண்டருக்கு இரட்டைச் சுவர் வைத்து இடையே தண்ணீரை ஓடவிட்டு, அதை ரேடியேட்டரில் ஆற்றி மறுபடி அனுப்புவது இன்னொரு வழி. முதலாவதில் கெட்டுப் போவதற்கு ஒன்றுமில்லை. இரண்டாவதில் பம்பு, ரப்பர்க் குழாய், ரேடியேட்டர், அதற்கு ஒரு விசிறி என்று குடும்பம் பெருகிவிடுகிறது. ஆனால் சூடு ஏறி இறங்காமல் ஒரே நிலையில் நிற்கும். உலோகம் சூட்டில் விரிவதையும் குளிரில் சுருங்குவதையும் கணக்குப் பார்த்து எஞ்சின் செய்கிறவனுக்கு அந்த நிதானம் எவ்வளவு பெரிய வரம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தண்ணீர் ஏதோ நேற்று வந்த நாகரிகம் என்று நினைத்துவிடக் கூடாது. யுத்தத்துக்கு முன்பே ஜிலேரா கம்பெனியாரிடம் 'ரொந்தினே' என்று ஒரு பந்தய வண்டி இருந்தது. தகைவிலான் குருவி என்று அர்த்தம். நாலு சிலிண்டர், தண்ணீர் எஞ்சின். பியரோ தாருஃபி என்பவர் 1937-ல் அதில் மணிக்கு 274 கிலோமீட்டர் வேகம் போய் உலக ரிக்கார்டு செய்தார். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் ஒரு யந்திரத்தை அதில் பூட்டியிருந்தார்கள். அது கிளப்பிய சூட்டுக்குத் தண்ணீரைத் தவிர வேறு கதியில்லை. யுத்தம் முடிந்ததும் பந்தய அதிகாரிகள் அப்படித் திணிக்கக் கூடாது என்று தடை போட்டுவிட்டார்கள். உடனே ஜிலேராவுக்கு ரெமோர் என்ற எஞ்சினீயர் புதிதாக ஒரு நாலு சிலிண்டர் எஞ்சின் வரைந்தார். அது காற்று எஞ்சின். 1950-க்கும் 1957-க்கும் இடையில் அந்த வம்சம் ஆறு முறை 500 சி.சி. உலகச் சாம்பியன் பட்டத்தைக் கொண்டு வந்தது. ஆக, தண்ணீரிலிருந்து காற்றுக்குப் போனவர்களும் உண்டு.

கோமோ ஏரிக்கரையில் மந்தெல்லோ என்ற ஊரில் உள்ள மோட்டோ கூட்ஸிக்காரர்கள் இன்னும் வேடிக்கையானவர்கள். ஒரு முழு வண்டியை ஆளோடு நிறுத்திக் காற்றடித்துப் பார்க்கிற பிரம்மாண்டமான குகை ஒன்றைத் தொழிற்சாலைக்குள்ளேயே கட்டிக்கொண்டவர்கள். காற்றின் குணம் அவர்களுக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்கும் தெரியாது. அப்படிப்பட்டவர்களிடம் வேலை பார்த்த கார்கானோ என்ற எஞ்சினீயர் 1955-ல் செய்து காட்டிய பந்தய வண்டி எட்டு சிலிண்டர், தண்ணீர் எஞ்சின்! மொத்தமே 500 சி.சி. தான். ஒவ்வொரு சிலிண்டரும் சின்ன டீ கிளாஸில் பாதி இருக்கும். முன்னால் நாலு, பின்னால் நாலு என்று நெருக்கி அடுக்கினால் பின்வரிசைக்குக் காற்று எங்கிருந்து வரும்? அதனால்தான் தண்ணீர். மணிக்கு 275 கிலோமீட்டர் வரை ஓடிய அந்த வண்டி, 1957 முடிவில் கம்பெனி பந்தயத்தை விட்டே விலகியதோடு முடங்கிப் போயிற்று. அதே கார்கானோதான் பிற்பாடு, 1967-ல் விற்பனைக்கு வந்த 'வி-7' வண்டிக்கு எஞ்சின் போட்டவர். இரண்டு சிலிண்டர்களும் ஓட்டுகிறவனின் முழங்காலுக்கு முன்னால் வலமும் இடமுமாக வெளியே நீட்டிக்கொண்டு நின்றன, காற்று வாங்க ஜன்னலில் தலையை நீட்டும் ரயில் பிரயாணிகளைப் போல.

இனி நம்முடைய கதாநாயகருக்கு வருவோம்.

பொலோன்யா நகரத்தின் ஓரத்தில் போர்கோ பனிகாலே என்று ஒரு பேட்டை. டுகாட்டி சகோதரர்கள் மூவர் அங்கே ரேடியோ உறுப்புகள் செய்துகொண்டிருந்தார்கள். 1944 அக்டோபரில் விமானங்கள் குண்டு போட்டுத் தொழிற்சாலையைத் தரைமட்டமாக்கின. யுத்தத்துக்குப் பிறகு, சைக்கிளில் பொருத்திக்கொள்ளும் குட்டி எஞ்சின் ஒன்றைச் செய்து பிழைத்தார்கள். அது குரைக்கிற மாதிரி சத்தம் போட்டதால் 'நாய்க்குட்டி' என்ற அர்த்தத்தில் பெயர் வைத்தார்கள். 1954-ல் ஃபாபியோ தாலியோனி என்ற முப்பத்து மூன்று வயது எஞ்சினீயர் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். பொலோன்யா பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற்றவர்.

தாலியோனியின் பெயரை நிலைநாட்டியது 'டெஸ்மோ' என்ற ஏற்பாடு. எஞ்சினுக்கு மூச்சுக் கதவுகளாக இருப்பவை வால்வுகள். எல்லாரும் அவற்றை மூடுவதற்கு ஸ்பிரிங் வைத்தார்கள். வேகம் கூடினால் ஸ்பிரிங் தடுமாறும். வால்வு சரியான சமயத்தில் மூடாது. திறப்பதைப் போலவே மூடுவதையும் கட்டாயப்படுத்தியே செய்வது என்று தாலியோனி முடிவு செய்தார். இந்த யோசனை அவருக்கு முன்பும் சிலருக்கு வந்ததுதான். அதை வெற்றியாக்கி, ஆயுள் முழுவதும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர் அவர். 1956 ஜூலையில் ஸ்வீடன் நாட்டுப் பந்தயத்தில் அந்த 125 சி.சி. வண்டி முதல் முறை இறங்கி, முதல் முறையே ஜயித்தது. ஓட்டிய டெலி அந்தோனி சில வாரங்களிலேயே மோன்ஸாவில் பயிற்சி ஓட்டத்தின்போது விழுந்து இறந்து போனார். இந்தச் சரித்திரத்தில் இப்படிப்பட்ட வரிகள் நிறைய வருகின்றன. எழுதுகிறவன் நிற்காமல் போக வேண்டியிருக்கிறது.

1970-ல் பெரிய வண்டி வேண்டும் என்று நிர்வாகம் கேட்டது. 750 சி.சி., இரண்டு சிலிண்டர். இரண்டையும் ஒரே பக்கத்தில் சாய்த்து 'வி' எழுத்தைப் போல நிறுத்தினால், முன்னது ஊதிய அனல்தான் பின்னதற்குக் கிடைக்கும். கார்கானோ குறுக்காகத் திருப்பிப் போட்டுச் சமாளித்தார் என்று பார்த்தோம். தாலியோனி முன் சிலிண்டரை அப்படியே படுக்க வைத்துவிட்டார். அது தரையோடு தரையாக முன் சக்கரத்தை நோக்கி நீண்டது. பின் சிலிண்டர் அதற்கு நேர் செங்குத்தாக நிமிர்ந்து, தடையில்லாத காற்றில் நின்றது. இரண்டுக்கும் நடுவே 90 டிகிரி. அந்தக் கோணத்தில் இரண்டு பிஸ்டன்களின் ஆட்டமும் ஒன்றையொன்று பெரும்பாலும் சமன் செய்துவிடுவதால் அதிர்வும் குறைந்தது. வண்டி நீளமாகிப் போயிற்று என்பது ஒரு குறை. அதை அவர் பொருட்படுத்தவில்லை.

1972 ஏப்ரல் 23-ந் தேதி இமோலாவில் இருநூறு மைல் பந்தயம். அகஸ்தினி போன்ற சூரப்புலிகள் வந்திருந்தார்கள். டுகாட்டிக்கு ஓட்ட பால் ஸ்மார்ட் என்ற ஆங்கிலேயரை அழைத்தார்கள். அவர் அமெரிக்காவில் இருந்ததால் டெலிபோனை எடுத்த மனைவியே "வருவார்" என்று ஒப்புக்கொண்டுவிட்டாளாம். வந்தவர் முதலாவதாக வந்தார். சக ஓட்டக்காரர் ஸ்பஜியாரி இரண்டாவது. காற்று எஞ்சினின் பொற்காலம் என்று ஒரு நாளைக் குறிப்பிட வேண்டுமென்றால் நான் அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் சொல்வேன்.

ஆனால் பொலோன்யா பல்கலைக்கழகத்தில், அடுத்த சில வருஷங்களுக்குள், மாஸ்ஸிமோ போர்தி என்று ஒரு மாணவர் பட்டத்துக்காக ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். சிலிண்டருக்கு நாலு வால்வு வைத்து, அவற்றை டெஸ்மோ முறையில் இயக்குவது எப்படி என்பது பொருள். தாலியோனி அதுவரை வைத்தது சிலிண்டருக்கு இரண்டே வால்வு. நாலு வால்வில் அவருக்கு நம்பிக்கை இல்லை. செய்து பார்த்துவிட்டு, லாபமில்லை என்று ஒதுக்கியவர். போர்தி 1978-ல் டுகாட்டியிலேயே வேலைக்குச் சேர்ந்தார்.

நாலு வால்வு என்றால் எஞ்சின் அதிகம் மூச்சு வாங்கும், பலம் கூடும். ஆனால் வால்வுகளுக்கு நடுவிலுள்ள மெல்லிய உலோகப் பாலம் பழுக்கக் காயும். செதில்களை வெளியேதான் வைக்க முடியும். சூடு உள்ளே, காற்று எட்டாத இடத்தில் இருக்கிறது. அங்கே போகக் கூடியது தண்ணீர் ஒன்றுதான். ஆகவே நாலு வால்வுக்குச் சம்மதித்தவன் தண்ணீருக்கும் சம்மதித்தாக வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் கம்பெனி படு மோசமான நிலைமைக்கு வந்திருந்தது. ஜப்பான்காரர்கள் வேகமான, எண்ணெய் ஒழுகாத வண்டிகளைக் கப்பல் கப்பலாக அனுப்பினார்கள். 1984-ல் கவாசாகி கொண்டு வந்த 900 சி.சி. வண்டி தண்ணீர் எஞ்சின்தான். தாலியோனியும் சும்மா இருக்கவில்லை. நாலு சிலிண்டரில் புதிய காற்று எஞ்சின் ஒன்றைச் செய்து வைத்தார். அது விற்பனைக்கு வரவே இல்லை. 1985-ல் கஸ்திலியோனி சகோதரர்கள் தொழிற்சாலையை வாங்கினார்கள். போர்தியின் கை ஓங்கியது.

1986-ல் பிரான்ஸில் நடக்கும் இருபத்து நாலு மணி நேரப் பந்தயத்தில் புது எஞ்சின் முதல் முறையாக இறங்கியது. பந்தயம் முடிவதற்குள் உடைந்து நின்றுவிட்டது. ஆனாலும் ஓடினவரைக்கும் ஓடிய ஓட்டத்தைப் பார்த்தவர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அதிலிருந்து வளர்ந்ததுதான் '851'. 1990-ல் ரேமோன் ரோஷ் என்ற பிரெஞ்சுக்காரர் அதில் சூப்பர்பைக் உலகச் சாம்பியன் ஆனார். 1994-ல் தம்புரீனி என்ற கலைஞர் (பெயரைக் கேட்டாலே தம்பூரா ஞாபகம் வருகிறது) '916' வண்டியை வடிவமைத்தார். கார்ல் ஃபோகார்ட்டி அந்த வம்சத்து வண்டிகளில் நாலு முறை பட்டம் வாங்கினார். வழக்கு தீர்ந்தது, தண்ணீர் ஜயித்தது என்றுதான் எவரும் சொல்வார்கள்.

கதை எழுதுகிறவனாகிய எனக்கு இதற்குப் பிறகு நடந்ததுதான் ருசியாக இருக்கிறது. பந்தயக் கோப்பைகள் தொழிலாளிக்குச் சம்பளம் கொடுப்பதில்லை. 1992-ல் கலோன் கண்காட்சியில் கலூஸி என்ற வடிவமைப்பாளர் 'மான்ஸ்டர்' என்ற வண்டியைக் காட்டினார். அதன் எலும்புக்கூடு 851 வம்சத்துத் தண்ணீர் வண்டியினுடையது. இருதயமோ தாலியோனியின் பரம்பரையில் வந்த 900 சி.சி. காற்று எஞ்சின். மேலே மூடாக்கு எதுவும் கிடையாது. படுத்த சிலிண்டரும் நிமிர்ந்த சிலிண்டரும் செதில்களோடு எல்லாருக்கும் தெரியும்படி இருந்தன. 916-ல் எஞ்சின் உறை போட்ட வீணை மாதிரி உள்ளே ஒளிந்திருக்கும். மான்ஸ்டரில் எஞ்சினே அழகு. 1993-ல் விற்பனைக்கு வந்தது. சக்கைப் போடு போட்டது. மூன்று லட்சத்துக்கு மேல் அந்தக் குடும்பத்து வண்டிகள் வெளியே போயிருக்கின்றன. தண்ணீர் எஞ்சின் கோப்பை வாங்கிக் கொண்டிருந்தபோது தொழிற்சாலையின் உலையில் அரிசி போட்டதில் பெரும் பங்கு காற்று எஞ்சினுடையது. தாலியோனி 2001 ஜூலையில் காலமானார். இதைப் பார்த்துவிட்டுத்தான் போனார் என்பதில் எனக்கு ஒரு திருப்தி.

பிற்பாடு சட்டம் வந்தது. புகையில் இவ்வளவு விஷத்துக்கு மேல் கூடாது, சத்தம் இவ்வளவுக்கு மேல் கூடாது என்று ஐரோப்பிய அரசாங்கங்கள் வருஷத்துக்கு வருஷம் கயிற்றை இறுக்கின. செதில்கள் சூட்டை மட்டுமா வெளியே விடுகின்றன? மணி மாதிரி அதிர்ந்து சத்தத்தையும் விடுகின்றன. தண்ணீர்ச் சுவரோ சத்தத்தை விழுங்கிவிடும். சூடு ஒரே நிலையில் நிற்பதால் புகையையும் அடக்கி வைக்கலாம். காற்று எஞ்சினை டுகாட்டி அடியோடு விட்டுவிடவில்லை. 2015-ல் கொண்டு வந்த ஸ்க்ராம்ப்ளர் காற்று எஞ்சின்தான். ஆனால் 2021-ல் வந்த புதிய மான்ஸ்டர் தண்ணீர் எஞ்சினோடு மட்டும் வந்தது. அதே 2021-ல், நூறாவது வருஷத்தைக் கொண்டாடிய மோட்டோ கூட்ஸியும், மந்தெல்லோ ஊரின் பெயரையே சூட்டி, தெருவில் ஓடும் தன் முதல் தண்ணீர் எஞ்சின் வண்டியைக் காட்டியது. அதன் சிலிண்டர்கள் இன்னமும் வலமும் இடமுமாக வெளியே நீட்டிக்கொண்டுதான் இருக்கின்றன.

போர்தியும் அப்படித்தான் செய்தார். தண்ணீரைக் கொண்டு வந்தவர், வால்வை நாலாக்கியவர், முன் சிலிண்டரை மட்டும் எழுப்பவில்லை. காற்று வாங்குவதற்காகப் படுத்த சிலிண்டர், காற்று தேவையில்லாத எஞ்சினிலும் படுத்தே இருந்தது. 2012-ல், முன் சக்கரத்தின் மேல் பாரம் இன்னும் கொஞ்சம் விழ வேண்டும் என்று, அதை எஞ்சினோடு சேர்த்து 6 டிகிரி பின்னுக்குச் சாய்த்தார்கள். இரண்டு சிலிண்டருக்கும் நடுவிலிருந்த 90 டிகிரியில் கை வைக்கவில்லை.