கல்லூரி ஊருக்குள்ள வர எத்தனை வருஷம்?

17-ஆம் நூற்றாண்டுல காயல்பட்டினத்துல பிறந்த பெரிய அரபு அறிஞர் சதக்கத்துல்லாஹ் அப்பா. 1971-ல அவர் பேர்ல ஒரு கல்லூரி வந்துச்சு. ஆனா வந்த இடம் பாளையங்கோட்டை.

காயல்பட்டினத்துக்குள்ள பெண்களுக்கு வாவு வஜீஹா வனிதையர் கல்லூரி வந்தது 2006-ல. நடுவுல 35 வருஷம்.

பக்கத்துல திருச்செந்தூர்ல மகளிர் கல்லூரி இருந்துச்சேன்னு கேக்கலாம். பெண்கள் நடந்து போறதுக்குன்னே வீடுகளுக்கு நடுவுல 'முடுக்கு'ன்னு தனிச் சந்து வச்ச ஊர் இது. அங்க ஒரு பொண்ணு தினமும் பஸ் ஏறணும்னா, டிக்கெட் காசோட வீட்டுச் சம்மதமும் வேணும். கல்லூரி ஊருக்குள்ள வந்ததும் அந்தத் தூரம் குறைஞ்சுது.

ஆனா கணக்கு அங்க முடியல. அரசு உதவி பெறும் கல்லூரின்னா ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கும். சுயநிதிக் கல்லூரியில அது மாணவிகளோட ஃபீஸ்லயும் நன்கொடையிலயும்தான் வரணும். சின்னக் கல்லூரியில ஒரு வகுப்புல பாதி சீட் காலின்னா, அந்தப் பாடத்தையே நடத்துறது கஷ்டம். ஃபீஸை ஏத்தினா, வீட்டுல முதல்ல நிறுத்தப்படுறது பெரும்பாலும் பொண்ணோட படிப்பு.

தூரத்தை ஊர் குறைச்சிடுச்சு. ஃபீஸை யார் குறைக்கிறது?