மூக்குக்குள் முடியும் கண்ணீர்

அழும்போது மூக்கும் சேர்ந்து ஒழுகுகிறதே, ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா? இமையோரம் இருக்கும் பொடித் துவாரங்கள் வழியாகக் கண்ணீர் ஒரு சின்னப் பைக்குள் போய், அங்கிருந்து குழாய் மூலம் மூக்குக்குள் இறங்குகிறது. சில குழந்தைகள் பிறக்கும்போது அந்தக் குழாயின் அடியை ஒரு மெல்லிய ஜவ்வு மூடியிருக்கும். விஷயம் அவ்வளவுதான். ஆனால், கண்ணுக்குத் தெரியாத இந்தக் குழாயை வைத்துக்கொண்டு வைத்தியர்கள் படுத்திய பாடு இருக்கிறதே!

பாபிலோன் மன்னர் ஹமுராபி, சுமார் 3,750 வருடங்களுக்கு முன்பே ரேட் கார்டு போட்டுவிட்டார். வெண்கலக் கத்தியால் கீறி ஒரு பெரிய மனுஷரின் கண்ணைக் காப்பாற்றினால் 10 ஷெக்கல் வெள்ளி. அடிமை என்றால் 2 தான். பெரிய மனுஷரின் கண் போச்சு என்றால், வைத்தியரின் கை போச்சு! (கீறியது கண்ணீர்ப்பையைத்தான் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். பி.காம். படித்தவன் என்பதால் எனக்கு ஃபீஸ் விவரம்தான் முதலில் கண்ணில் பட்டது!)

ஐரோப்பாவில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் அந்த இடத்தைச் சுட்டார்கள். எலும்பையே துளைத்தார்கள். 1713-ல்தான் டொமினிக் அனெல் என்ற பிரெஞ்சு சர்ஜன், 'கண்ணீர் போகிற வழியிலேயே நாமும் போனால் என்ன?' என்று காட்டினார். மெல்லிய கம்பியை உள்ளே விட்டு, குட்டி சிரிஞ்சால் நீர் பாய்ச்சினார். இன்றைக்கும் அடிப்படை அதேதான்.

1923-ல் அமெரிக்க டாக்டர் கிரிக்லர் கம்பியைக்கூட ஓரம் வைத்தார். மூக்கை ஒட்டிய கண் மூலையில் விரலால் அழுத்திக் கீழ்நோக்கித் தள்ளினால், பைக்குள் இருக்கும் நீரே ஜவ்வை உடைத்துவிடும் என்றார். காசில்லாத வைத்தியம்!

இனி நம்ம ஊருக்கு வருவோம். லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் 1805-ல் வந்தது. 1819-லேயே சென்னை ராயப்பேட்டையில் கண் ஆஸ்பத்திரி வந்தாச்சு. 1884-ல் அது எழும்பூருக்குப் போனது. நாவலூரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆனாலும் ஓ.எம்.ஆர். ஃப்ளாட்டுகளில்கூட, குழந்தையின் கண்ணில் தண்ணீர் வடிந்தால் இன்னமும் தாய்ப்பாலைப் பீய்ச்சுகிறார்கள். அடைப்பு இருப்பது குழாயின் அடியில். பால் எப்படித் திறக்கும்?

டாக்டர்கள் கண்ணில் மஞ்சள் சாயம் ஒரு சொட்டு விட்டு, 5 நிமிடம் கழித்துப் பார்க்கிறார்கள். சாயம் தேங்கி நின்றால் அடைப்பு. மசாஜை அவர்களிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள். நகத்தை வெட்டிவிட்டுச் செய்யுங்கள். பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் தானாகவே திறந்துவிடும். திறக்காவிட்டால் அனெலின் கம்பி இருக்கிறது.

ஆனால், பிறந்த சில நாட்களிலேயே சீழ் வந்தாலோ, மூக்கோரம் சிவந்து வீங்கினாலோ, வெளிச்சத்தைப் பார்த்துக் குழந்தை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாலோ, கருவிழி வழக்கத்தைவிடப் பெரிதாகத் தெரிந்தாலோ, மசாஜ் செய்துகொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். அது கண்ணின் அழுத்த நோயாகக்கூட இருக்கலாம். அன்றைக்கே கண் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.