தஞ்சாவூரா, ஒரத்தநாடா? குழந்தையோடு குடிபோகும் முன் இதைப் பாருங்க!

வேலை தஞ்சாவூரில், சொந்தபந்தம் ஒரத்தநாட்டில். வீடு எங்கே பார்ப்பது? இடையே சுமார் 23 கி.மீ.தான். ஆனால் ஒரத்தநாட்டில் ரயில் நிலையம் கிடையாது. தஞ்சைக்கோ பட்டுக்கோட்டைக்கோ பஸ் பிடிக்கணும்.

கைக்குழந்தை இருந்தால் முதல் கேள்வி மருத்துவமனை. சளி, காய்ச்சல், தடுப்பூசிக்கு ஒரத்தநாடு அரசு மருத்துவமனை போதும். சிக்கலான பிரசவம் என்றால் தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனைதான். நடுராத்திரியில் 23 கி.மீ. சின்ன தூரமில்லை.

பலரும் கோட்டை விடுவது பள்ளி விஷயத்தில்தான். கட்டாயக் கல்விச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. சேர்க்க, 1 கி.மீ. சுற்றளவுக்குள் வீடு இருக்கணும். இருப்பிடச் சான்றும் கேட்பார்கள். எந்த ஊரானாலும் பள்ளியை முடிவு செய்துவிட்டு வீடு தேடுவதே நல்லது. அரசுப் பள்ளி என்றால் இந்தக் கவலையே இல்லை. 6 முதல் 12 வரை அங்கேயே படித்தால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் உண்டு.

படிப்பு ஒரத்தநாட்டுக்குப் புதுசில்லை. சரபோஜி மன்னர் கட்டிய முத்தாம்பாள் சத்திரத்திலேயே பாடசாலை நடந்தது. இப்போது அரசு மகளிர் கல்லூரியும் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன.

வாடகை கம்மின்னு ஓட்டு வீட்டுக்கு முன்பணம் கொடுக்கும் முன், 2018 நவம்பரில் கஜா புயலை அந்த வீடு எப்படித் தாங்கியது என்று அக்கம்பக்கத்தில் விசாரிச்சிடுங்க.