இறக்கையின் அடியில் ஒரு குழாய்

பழைய செஸ்னா 172 விமானம் ஒன்றை அருகில் நின்று பார்த்தால் ஆங்காங்கே துளைகள் தென்படும். நால்வர் அமரும் இச்சிறு விமானம் 1956இல் விற்பனைக்கு வந்தது. இதுவரை 44,000க்கும் மேல் செய்யப்பட்டுள்ளன. எந்தத் துளை எதற்காக? துளை காற்றோட்டத்தை எப்படி நோக்குகிறது என்று கவனித்தால் வரைபடம் இல்லாமலே ஓரளவு ஊகித்துவிடலாம்.

மூக்கிலுள்ள இரு பெரிய வாய்கள் காற்றை நேராக எதிர்கொள்கின்றன. அவை எஞ்சினின் சிலிண்டர்களைக் குளிர்விப்பவை. இறக்கை உடலோடு சேரும் இடத்தில், முன்விளிம்பில் இருப்பவை பயணிகளுக்குக் காற்றுத் தருகின்றன. உடலின் பக்கவாட்டில் உள்ள சிறு துளையில் காற்று மோதுவதில்லை, உரசிக்கொண்டு போகிறது. வெளிக்காற்றின் இயல்பான அழுத்தத்தை உயரமானிக்குத் தெரிவிக்க அதுதான் ஏற்ற இடம்.

ஆனால் இடது இறக்கையின் அடியில், அதைத் தாங்கும் சாய்வுச் சட்டத்தின் பின்னே ஒளிந்தாற்போல் ஒரு சிறு குழாய் நீட்டிக்கொண்டிருக்கிறதே, அது எதற்கு?

கடைக்காரர் எண்ணெய் டின்னில் ஏன் இரண்டு துளை போடுகிறார் என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றில் எண்ணெய் வரும். மற்றொன்றில் காற்றுப் போகும். செஸ்னாவில் பெட்ரோல் தன் எடையாலேயே இறக்கையிலிருந்து எஞ்சினுக்கு இறங்குகிறது. உயர வேறுபாடு ஒரு மீட்டர் என்று கொள்வோம். அது தரும் அழுத்தம் சுமார் 7,000 பாஸ்கல், அதாவது காற்றுமண்டல அழுத்தத்தில் பதினான்கில் ஒரு பங்குதான். காற்று நுழைய வழியில்லாத தொட்டியில் 20 லிட்டர் காற்று இருந்தால், ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் பெட்ரோல் இறங்கியதும் உள்ளழுத்தம் அந்த அளவுக்குக் குறைந்துவிடும். (பெட்ரோல் ஆவியைக் கணக்கில் சேர்க்கவில்லை.) சில நிமிடப் பறத்தலுக்கே அது காணும். பிறகு தொட்டியில் பெட்ரோல் இருக்கும், எஞ்சின் நின்றுபோகும்!

1930களின் இறுதியில் வந்த பைப்பர் ஜே-3 கப் விமானத்தில் தொட்டி விமானியின் முன்னே, மூக்கில் இருந்தது. தக்கையில் செருகிய கம்பி ஒன்று அதன் மூடி வழியே வெளியே நீண்டு பெட்ரோலின் அளவைக் காட்டியது. மூடி வழியாகவே காற்றும் புகுந்தது. எவ்வளவு எளிய ஏற்பாடு!

செஸ்னாவில் தொட்டிகள் இரண்டு, இரண்டும் இறக்கைகளில். வலத் தொட்டியின் காற்றுவெளியை இடத் தொட்டியோடு ஒரு குழாய் இணைக்கிறது. இடத் தொட்டியிலிருந்து வெளியே வருவதுதான் நாம் கண்ட குழாய். முன்னிருக்கும் சட்டம் அதன் வாயில் பனிக்கட்டி படியாமல் மறைக்கிறது. இடத்தேர்வு தற்செயலானது அன்று.

எனினும், நிறுத்தி வைத்த விமானத்தின் சிறு குழாய்களில் குளவி மண்கூடு கட்டுவதுண்டு. இரு தொட்டிகளுக்கும் ஒரே மூச்சுவழி என்றால் அது போதுமா? 1979இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் செஸ்னாவின் சிறு விமானங்கள் பலவற்றுக்கு, காற்று நுழையும் தொட்டி மூடிகளைப் பொருத்துமாறு ஆணையிட்டது. டின்னின் இரண்டாம் துளைக்கு ஒரு துணைத் துளை!